முதலில் விடை, பிறகு நிரல்

நம் பிள்ளைகளில் பலர் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே கணிப்பொறிக்கு நிரல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியலை எடுப்பவர்களுக்கு சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பைத்தான் மொழி வந்துவிடுகிறது. செய்முறைத் தேர்வுக்காக 'ரிப்போர்ட் ஃபைல்' ஒன்று தயாரிக்கிறார்கள். நிரல்கள் அதில் அழகாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றைக் காட்டி, "இது சரியாக வேலை செய்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ரன் ஆகுது அங்கிள்."

ரன் ஆவது வேறு, சரியாக இருப்பது வேறு. தவறான விடையைத் தரும் நிரலும் தடங்கலில்லாமல் ஓடும். தில்லியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில், இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்த ஒரே வழியைத்தான் நம்புகிறேன். நிரலை எழுதும் முன்பே சரியான விடை எது என்பதை எழுதி வைக்கச் சொல்வதுதான் அது. கணிப்பொறி படிக்காத பெற்றோரும் இதில் பங்கு கொள்ள முடியும் என்பதால், இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சோதனை என்றால் என்ன?

தையற்காரர் துணியை வெட்டிவிட்டு அளவெடுப்பதில்லை. முதலில் அளவெடுத்துக் குறித்துக்கொண்டு, பிறகுதான் கத்தரியை எடுக்கிறார். நிரலுக்கும் அப்படி ஓர் அளவுக் குறிப்பு வேண்டும். "இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும்" என்ற ஒரு வரியே சோதனை. அத்தகைய வரிகளை முதலில் எழுதி, அவை தேறும்படி நிரலைச் சிறிது சிறிதாக வளர்ப்பதுதான் இந்த முறை.

இந்த எண்ணம் பழையதுதான் என்றாலும், இதை ஒழுங்கான பழக்கமாக்கிப் பரப்பியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான கென்ட் பெக். 1997-இல் இவரும் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குச் சென்ற விமானப் பயணத்தில் ஜாவா மொழிக்கான 'ஜேயூனிட்' என்ற சோதனைக் கருவியின் முதல் வடிவத்தை எழுதினார்கள். சோதனை தோற்றால் சிவப்புப் பட்டை, தேறினால் பச்சைப் பட்டை என்ற வழக்கம் அதன் மூலம் பரவியது. 2001-இல் வந்த பைத்தான் 2.1 பதிப்பிலிருந்து அந்த மொழியிலும் இத்தகைய சோதனைக் கருவி உடன் வருகிறது. ஆனால் தொடக்க வகுப்புக்கு அதுகூடத் தேவையில்லை. பைத்தானில் உள்ள 'அசர்ட்' என்ற ஒரு சொல் போதும். "இது உண்மையாக இருக்க வேண்டும், இல்லையேல் நிறுத்து" என்று அதற்குப் பொருள்.

முதல் நாள் வேலை: சிவப்பைப் பார்ப்பது

பைத்தானை நிறுவினால் 'ஐடில்' என்ற எழுதும் பலகையும் பொதுவாக உடன் வரும். பழைய கணிப்பொறி ஒன்று இருந்தாலும் போதும். பைத்தான் 3-இல் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டெஃப், ரிட்டர்ன், அசர்ட் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். மற்றப் பெயர்களெல்லாம் தமிழாக இருக்கலாம். இங்கே அச்சு வசதிக்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

நம் முதல் பயிற்சி, ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று கண்டுபிடிப்பது. ஆம், இல்லை என்று விடை சொல்லும் நிரலுக்குப் பெயர் வைக்கத் தமிழைப் போல வசதியான மொழி இல்லை. கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி ஆகிவிடுகிறது. புதிய கோப்பு ஒன்றில் இந்த ஒரு வரியை மட்டும் எழுதுங்கள்:

அசர்ட் லீப்_ஆண்டா(2023) == ஃபால்ஸ்

2023 லீப் ஆண்டு அல்ல என்பதே இதன் பொருள். இன்னும் நிரல் எழுதவில்லை. அப்படியே ஓட்டுங்கள். 'நேம் எர்ரர்' என்று சிவப்பு எழுத்தில் வரும். லீப்_ஆண்டா என்ற பெயரே தனக்குத் தெரியாது என்கிறது கணிப்பொறி. முதல் வகுப்பில் இந்தச் சிவப்பை எல்லாப் பிள்ளைகளும் தங்கள் திரையில் பார்த்துவிட்டால் அன்றைய வேலையில் பாதி முடிந்தது என்பேன்.

ஏன் சோதனை முதலில் தோற்க வேண்டும்? கோப்பை வேறு இடத்தில் சேமித்துவிட்டுப் பழைய கோப்பையே ஓட்டிக்கொண்டிருப்பது தொடக்கக்காரர்களுக்கு அடிக்கடி நேர்வது. எதை மாற்றினாலும் விடை மாறவில்லையே என்று அரை மணி நேரம் தவிப்பார்கள். சோதனை தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், கணிப்பொறி நாம் எழுதியதைத்தான் படிக்கிறது என்று உறுதியாகிறது. ஒருமுறைகூடத் தோற்காத சோதனை, அடித்துப் பார்க்காத பள்ளிக்கூட மணி போன்றது. அது ஒலிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

நான்கு சோதனைகள், நான்கு வரிகள்

இப்போது சோதனை வரிக்கு மேலே நிரலை எழுதுங்கள். தேறுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்:

டெஃப் லீப்_ஆண்டா(ஆண்டு):
    ரிட்டர்ன் ஃபால்ஸ்

எந்த ஆண்டைக் கேட்டாலும் 'இல்லை' என்கிறது இந்த நிரல். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஓட்டினால் சிவப்பு மறைந்துவிடும். சோதனை தேறினால் பைத்தான் ஒன்றும் பேசாது. அந்த மௌனம் பிள்ளைகளைக் குழப்பும். எனவே கோப்பின் கடைசி வரியாக பிரிண்ட்("எல்லாம் சரி") என்று சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாச் சோதனைகளும் தேறினால்தான் அந்த வரிக்கு வந்து சேரும்.

இரண்டாவது சோதனை: 2024-க்கு விடை 'ஆம்', அதாவது ட்ரூ. ஓட்டினால் 'அசர்ஷன் எர்ரர்' என்று வரும். எந்த வரியில் தோற்றது என்றும் காட்டும். இனி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. ஆண்டை 4-ஆல் வகுத்து மீதி பூஜ்யமானால் 'ஆம்' என்று எழுத வேண்டும். மீதியைக் காண பைத்தானில் % என்ற குறி உண்டு. எழுதியதும் இரண்டு சோதனைகளும் தேறும்.

பெரும்பாலான நோட்டுகளில் நிரல் இங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றாவது சோதனையைச் சேர்ப்போம்: 1900-க்கு விடை 'இல்லை'. மறுபடியும் சிவப்பு. 1900 நான்கால் வகுபடுகிறது. ஆனாலும் லீப் ஆண்டு அல்ல. காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பருவங்கள் ஒரு சுற்று வரும் காலம் ஏறத்தாழ 365 நாள், 5 மணி, 49 நிமிடம். நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் சேர்த்தால் ஆண்டுக்குச் சராசரி 365 நாள் 6 மணி ஆகிவிடும். ஆண்டுதோறும் மிஞ்சும் 11 நிமிடம் 400 ஆண்டுகளில் மூன்று நாளுக்குச் சற்று மேலாகப் பெருகிவிடுகிறது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி கொண்டுவந்த நாட்காட்டி, 400 ஆண்டுகளில் மூன்று லீப் நாட்களை நீக்கி இதைச் சரிக்கட்டியது. அதனால் 1700, 1800, 1900 லீப் ஆண்டுகள் அல்ல. 2000 லீப் ஆண்டு. ஆகவே 100-ஆல் வகுபட்டால் 'இல்லை' என்ற வரியைச் சேர்க்கிறோம்.

நான்காவது சோதனை: 2000-க்கு விடை 'ஆம்'. சற்றுமுன் சேர்த்த வரியே இப்போது இதைத் தோற்கடிக்கிறது. 400-ஆல் வகுபட்டால் 'ஆம்' என்ற வரியையும் எழுதினால், நிரல் சொல்வது இதுதான்:

ஆண்டு 400-ஆல் வகுபட்டால்: ஆம்
இல்லையேல், 100-ஆல் வகுபட்டால்: இல்லை
இல்லையேல், 4-ஆல் வகுபட்டால்: ஆம்
இவை எதுவும் இல்லையேல்: இல்லை

வரிசையை மாற்றி, 4-ஐ முதல் வரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1900-க்கான சோதனை உடனே சிவக்கும். "வரிசை முக்கியம்" என்று பத்து முறை சொல்வதைவிட அந்த ஒரு சிவப்பு நன்றாகப் பதியும். கடைசியாக 2100-ஐயும் ஒரு சோதனையாகச் சேருங்கள். நிரலைத் தொடாமலே தேறும். விதியைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறோம் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1901 முதல் 2099 வரை எந்த ஆண்டை எடுத்தாலும் 4-ஆல் வகுத்துப் பார்த்தாலே சரியான விடை வந்துவிடும். தன் பிறந்த ஆண்டு, அப்பாவின் பிறந்த ஆண்டு, இந்த ஆண்டு என்று பழகிய எண்களை மட்டும் கொடுத்துப் பார்க்கும் பிள்ளை, அரைகுறை நிரலை முழுமையானது என்றே நம்பியிருக்கும். எந்த எண்ணால் சோதிப்பது என்று யோசிப்பதுதான் பாடத்தின் உயிர்.

விடை எங்கிருந்து வரவேண்டும்?

சோதனையில் எழுதும் விடை, நிரலுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். நாட்காட்டி, கையால் போட்ட கணக்கு, விவரம் தெரிந்த பெரியவர் என்று ஏதேனும் ஒன்றைக் கேட்க வேண்டும். சில பிள்ளைகள் நிரலை ஓட்டிப் பார்த்து, வந்த விடையையே சோதனையில் எழுதிவிடுவார்கள். தேர்வு எழுதியவனையே விடைத்தாள் திருத்தச் சொல்வது போன்றது இது.

இன்னொரு கணிப்பொறியைக் கேட்டாலும் எச்சரிக்கை வேண்டும். எக்செல் கட்டத்தில் 60 என்ற எண்ணை இட்டு, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். வழக்கமான அமைப்பில் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. எக்செலுக்கு முன்பு பரவலாக இருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டு வந்தது. அதனுடன் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலும் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு இன்றுவரை வைத்திருக்கிறது. எக்செலைப் பார்த்துச் சோதனை எழுதும் பிள்ளை, 1900-க்கு 'ஆம்' என்று எழுதிவிட்டு, சரியான நிரலைத் தவறென்று திருத்தப் புறப்படும்.

ஓரத்தில்தான் ஆபத்து

நிரல் பெரும்பாலும் நடுவில் தவறுவதில்லை, ஓரங்களில் தவறுகிறது. பூஜ்யம், ஒன்று, கடைசி எண், கடைசி நாள் ஆகியவையே ஓரங்கள்.

மைக்ரோசாஃப்ட் விற்ற 'சூன் 30' என்ற பாட்டுப் பெட்டிகள் 2008 டிசம்பர் 31 அன்று ஒன்றாகச் செயலிழந்தன. உள்ளே இருந்த கடிகார நிரல், மொத்த நாட்களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு கழித்துக்கொண்டே வந்து, நடப்பு ஆண்டைக் கண்டுபிடிக்கும். மீதி நாட்கள் 365-க்கு மேல் இருந்தால் கழித்தலைத் தொடர வேண்டும். ஆனால் லீப் ஆண்டில், மீதி 366-ஐத் தாண்டினால்தான் கழிக்கலாம். 2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366-ஆவது நாள். மீதி சரியாக 366. தொடரச் சொல்கிறது ஒரு வரி, கழிக்கக் கூடாது என்கிறது மறு வரி. நிரல் அதே இடத்தில் முடிவில்லாமல் சுற்றியது. "லீப் ஆண்டின் கடைசி நாளைக் கொடுத்தால் என்ன வரும்?" என்ற ஒரு வரிச் சோதனை இருந்திருந்தால், கடைக்கு வரும் முன்பே இது தெரிந்திருக்கும். இந்தக் கதையைக் கேட்ட பிறகு என் வகுப்பில் யாரும் ஓரத்தை விட்டுச் சோதனை எழுதுவதில்லை.

சிவப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம்

புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் காணும் பெரிய தடை பாடம் அல்ல, பயம்தான். சிவப்பு மை என்றாலே மதிப்பெண் போயிற்று என்று பழகியிருக்கிறார்கள். திரையில் சிவப்பு வந்ததும் பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் இருக்கக் கையால் மறைப்பார்கள், அல்லது சட்டென்று எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். சிவப்பில்தான் தொடங்க வேண்டும் என்பது விதியாகிவிட்டால் இந்தப் பயம் தானாகவே விலகுகிறது. எல்லோருக்கும் சிவப்பு வருகிறது. அடுத்து எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்கிறது, அவ்வளவுதான்.

அசர்ட் வரியின் முடிவில் ஒரு காற்புள்ளி இட்டு, மேற்கோள் குறிக்குள் ஒரு செய்தியும் எழுதலாம். சோதனை தோற்கும்போது அந்தச் செய்தி திரையில் வரும். "நூற்றாண்டு என்பதை மறந்துவிட்டாயே" என்று ஒரு பிள்ளை எழுதி வைக்கிறது; இன்னொன்றின் நிரல் தோற்கும்போது கணிப்பொறி அதைத் தமிழில் சொல்கிறது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள், தங்கள் தோழர்களைத் திருத்துவதற்காகவாவது பிழையில்லாமல் தமிழில் ஒரு வரி எழுதப் பார்க்கிறார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. இதற்காகவே இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பதும் நல்லது. ஒருவர் ஒரு சோதனை எழுத வேண்டும். மற்றவர் அது தேறும்படி நிரலை எழுத வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். நிரல் எழுதத் தயங்கும் பிள்ளைகள்கூட எதிராளியை மடக்கும் சோதனையைத் தேடுவதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். "ஆண்டு 2024 என்றால் ஆம்" என்று குறுக்கு வழியில் எழுதுபவரையும் இது பிடித்துவிடும். எதிராளி உடனே 2028-ஐச் சோதனையாக வைப்பார். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் நிரல் பாடங்களிலும் இப்படித்தான். மாணவர் அனுப்பும் நிரலை, காட்டப்பட்ட சில சோதனைகளோடு மறைத்து வைக்கப்பட்ட சில சோதனைகளையும் கொண்டு திருத்துகிறார்கள்.

பெற்றோர்களுக்கு

"எங்களுக்குக் கணிப்பொறி தெரியாதே, எப்படி உதவுவது?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நிரல் தெரிய வேண்டாம், விடை தெரிந்தால் போதும். மாதாந்தரப் பால் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு லிட்டர், விலை 60 ரூபாய், மாதம் 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். பால்காரர் வராத நாளை இங்கே நாமும் 'நாகா' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நிரலுக்குப் பெயர் பால்_கணக்கு. ஒரு தாளில் இப்படி எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள்:

30 நாள், நாகா 2: ரூ. 1,680
30 நாள், நாகா 0: ரூ. 1,800
30 நாள், நாகா 30: ரூ. 0
30 நாள், நாகா 31: ?

கடைசி வரியில் கேள்விக்குறியே இருக்கட்டும். முப்பது நாள் மாதத்தில் முப்பத்தொரு நாகா வராது. ஆனால் யாராவது தவறுதலாகத் தட்டிவிட்டால் நிரல் என்ன செய்ய வேண்டும்? மைனஸ் 60 ரூபாய் என்று காட்டி, பால்காரரே நமக்குத் தர வேண்டும் என்பதா? தவறு என்று சொல்லி நிறுத்துவதா? இதைக் கணிப்பொறி தீர்மானிக்காது. வீட்டில் உட்கார்ந்து பேசி நாம்தான் தீர்மானிக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் வாடிக்கையாளரும் பொறியாளரும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயங்களில் பாதி இந்த ரகம்தான். அம்மா வாடிக்கையாளராகவும் பிள்ளை பொறியாளராகவும் அமரும் அந்தப் பத்து நிமிடம், பல நாள் டியூஷனுக்குச் சமம்.

முடிவாக ஓர் எச்சரிக்கை

சோதனைகள் எல்லாம் தேறிவிட்டால் நிரலில் பிழையே இல்லை என்று ஆகிவிடாது. நாம் நினைத்துப் பார்த்த இடங்களில் பிழை இல்லை என்றுதான் பொருள். நினையாத இடம் எப்போதும் ஒன்று இருக்கும். அங்கே பிழை கிடைக்கும்போது முதல் வேலை, அதைக் காட்டும் ஒரு சோதனையைச் சேர்ப்பது. திருத்துவது அதற்கு அடுத்து. அப்படிச் செய்தால், பின்னாளில் யாராவது நிரலை மாற்றி அதே பிழையைத் திரும்பக் கொண்டுவந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

இன்று, கேட்டவுடன் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்தத்தான் செய்வார்கள், தடுத்துப் பயனில்லை. வந்த நிரல் 1900-க்கு என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளை அதற்கு எசமானன். கேட்கத் தெரியாத பிள்ளை அதை நோட்டில் நகலெடுக்கும். எந்த வேலைக்குப் போனாலும் கைகொடுக்கப் போவது அந்தக் கேள்விதான்.

பயிற்சிக்கு மூன்று கணக்குகள் தருகிறேன். மூன்றுக்கும் முதலில் ஐந்தைந்து சோதனைகளைத் தாளில் எழுதுங்கள். அதன் பிறகே கணிப்பொறியைத் திறக்கலாம்.

1. மாதத்தின் எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால், அந்த மாதத்தில் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். (இன்று எழுதிய லீப்_ஆண்டா இங்கே உதவும். பதின்மூன்றாம் மாதம் என்று கேட்டால்?)

2. மூன்று நீளங்களைக் கொடுத்தால், அவற்றைக் கொண்டு முக்கோணம் அமையுமா என்று சொல்ல வேண்டும். (1, 2, 3 என்ற நீளங்களைக் கொடுத்துப் பாருங்கள்.)

3. 24 மணிக் கணக்கில் ரயில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கொடுத்தால், பயண நேரத்தைச் சொல்ல வேண்டும். (இரவு 22.30-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.15-க்குச் சேர்ந்தால்? இரண்டு இரவு பயணம் என்றால், இந்த இரண்டு நேரங்கள் மட்டும் போதுமா?)

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ரயிலில் மூன்றாவது கணக்குக்குத் தேவையான எண்கள் தாராளமாகக் கிடைக்கும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.